முதல் வரிக்கு அடுத்த வரி

தமிழ்ச் சங்க மலர் எதைப் புரட்டினாலும் அட்டையைத் தாண்டியதும் கணியன் பூங்குன்றனார் நிற்பார். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவு என்று தொடங்கும் அவருடைய வரி தெரியாத தமிழர் உண்டா? 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் அவர்கள் எடுத்துச் சொன்னதும் அதே வரிதான்.

சென்ற பூஜை விடுமுறையில் என் பேத்தி பழைய மலர் ஒன்றைப் புரட்டிக்கொண்டே, “தாத்தா, இதுக்கு அடுத்த வரி என்ன?” என்று கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். இன்னும் ஒரு வரி சொன்னேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை. இரண்டு மலர்க் குழுக்களில் இருந்து அந்த வரியை அச்சுக்குக் கொடுத்தவன் நான்! அந்த வெட்கத்தில் எழுதியதே இக்கட்டுரை.

நூலின் தலைப்பிலோ அத்தியாயத்தின் தலைப்பிலோ பிறர் நூலிலிருந்து எடுத்து வைக்கும் வரியை ஆங்கிலத்தில் எபிகிராஃப் என்பார்கள். முகப்பு மேற்கோள் என்று வைத்துக்கொள்வோம். நம்முடைய பாயிரம் வேறு. பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்பது நன்னூலின் கட்சி. ஆனால் அது அந்த நூலுக்கென்றே சொல்லப்படுவது. முகப்பு மேற்கோளோ வேறு வீட்டில் பிறந்து இங்கே வந்து குடியேறியது. வரும்போது தன் பழைய வீட்டின் கதையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறது. மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோமா இல்லையா என்பதில்தான் பொருள் மாறுகிறது.

இதற்கு நல்ல சான்று நாம் வாழும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பங்கிம் சந்திரர் 1866இல் வெளியிட்ட ‘கபாலகுண்டலா’ நாவலில் அத்தியாயம்தோறும் ஒரு முகப்பு மேற்கோள் உண்டு. காளிதாசர், ஷேக்ஸ்பியர், பைரன், மைக்கேல் மதுசூதன் தத்தர் என்று பல வாசல்களிலிருந்து எடுத்திருக்கிறார். அன்றைய ஆங்கிலப் படிப்பின் பகட்டு என்று சொல்லித் தள்ளிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் அத்தியாயம் சாகர சங்கமம். கங்கா சாகர் யாத்திரை முடித்துத் திரும்பும் படகு மூடுபனியில் வழி தவறுகிறது. தலைப்பிலே ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்திலிருந்து ஒரு வரி: நீரோட்டத்துக்குக் கீழ்ப்படிந்து மிதந்து போவதைச் சொல்வது. கதைக்கும் கடலுக்கும் பொருத்தம்தானே என்று கடந்துவிடத் தோன்றும். அந்த வரியின் பழைய வீட்டை எட்டிப் பார்த்தால் கதை வேறு. புயலில் சிக்கிய கப்பலை விட்டு மாலுமிகள் சிறு படகில் ஏறித் தப்பிவிடுகிறார்கள். கைவிடப்பட்ட குடும்பம் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு மிதக்கிறது. பாறையில் மோதிப் பிரிகிறது.

பங்கிமின் நவகுமாரனுக்கு நேர்வதும் கைவிடப்படுவதுதான். எல்லாருக்கும் சமைக்க விறகு வேண்டுமே என்று அவன் ஒருவன்தான் கரையில் இறங்கிப் போகிறான். அதற்குள் வெள்ளம் ஏறிப் படகை அடித்துக்கொண்டு போகிறது. உடன் வந்தவர்கள், அவனைப் புலி தின்றிருக்கும் என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பில் பங்கிம் வைத்தது ‘கிங் லியர்’ நாடகத்தில் நன்றிகெட்டதனத்தை நோக்கிச் சொல்லும் வரி. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ‘தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது, நாங்கள் என்ன செய்வோம்?’ என்பது முதல் வரி தரும் சாக்கு. அந்தச் சாக்கை இரண்டாம் வரி ஏற்க மறுக்கிறது. ஆசிரியர் தம் வாயால் ஒரு தீர்ப்பும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் பிரிந்தவர்கள் முடிவில் கூடிவிடுகிறார்கள். பங்கிமின் நாயகியையோ கங்கை கொண்டுபோகிறது. பின்னால் குதித்த நவகுமாரனுக்கும் அவள் கிடைக்கவில்லை. மூலத்தை அறிந்த வாசகன் முதல் பக்கத்திலேயே ஒரு நம்பிக்கையோடு உள்ளே வருகிறான். கடைசிப் பக்கத்தில் அது பறிபோகிறது.

டி. எஸ். எலியட்டும் இதை உணர்ந்தவர். 1922இல் வெளிவந்த ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதைக்கு முதலில் கான்ராடின் நாவலிலிருந்து ஒரு பகுதியை வைத்திருந்தார். எஸ்ரா பவுண்டுக்கு அது திருப்தியில்லை. பிறகு பெட்ரோனியஸின் நூலிலிருந்து, சாகத் துடிக்கும் கிழவியின் பேச்சு அங்கே வந்தது. கவிதைக்குள் நுழையும் வாசலே மாறிவிட்டது!

இனி நம் பூங்குன்றனாருக்கு வருவோம். புறநானூற்றின் 192ஆம் பாட்டு மொத்தம் 13 வரி. முதல் வரியை மட்டும் மலரில் வைத்தால் அது வரவேற்புப் பலகை: எங்கும் போவோம், எல்லாரோடும் கலப்போம் என்கிற பெருமிதம். ஆனால் பாட்டு போகிற போக்கு வேறு. தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை என்கிறது. சாவு புதிதல்ல, வாழ்வை இனிது என்று கொண்டாடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்கிறது. மின்னலோடு மழை பெய்து, பாறையில் மோதி இரைகிற பேராற்றில், நீரின் போக்கில் போகும் தெப்பம் போன்றது உயிர் என்கிறது.

அட, அதே நீரோட்டம்! பங்கிமின் யாத்திரிகர்களும் நீரின் போக்கில்தான் போனார்கள். கரையில் இருந்தவனை மறந்தார்கள். பூங்குன்றனார் அதே நீரிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறார். எல்லாரும் தெப்பத்தில் போகிறவர்கள் ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை. சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. முதல் வரியின் உறவுக்குக் காரணம் கடைசி வரியில் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு உறவை மட்டும் அச்சடித்து வந்திருக்கிறோம்.

சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் தயாரித்த மலர்களில் அந்த வரிக்கு அடுத்த பக்கம் என்ன? பெரிய மனிதர்களின் படங்களும் வாழ்த்துரைகளும், பதவி வரிசை பிசகாமல். விழாவுக்கு நாற்காலி சுமந்தவர்கள், பொங்கல் கிண்டியவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். சில பெயர் விட்டும் போயிற்று. பூங்குன்றனாரை வாசலில் நிறுத்தி, அவர் சொன்னதற்கு நேர்மாறாக உள்ளே பந்தி வைத்தோம். விறகு தேடிப் போனவனை விட்டுவிட்டுப் படகு போன கதைதான், இல்லையா?

ஆகவே மலர்க் குழுவினருக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த மலரில் 13 வரியையும் எளிய உரையோடு போடுங்கள். தமிழ் எழுத்து வாசிக்க வராத பிள்ளைகளுக்காக வங்காள எழுத்திலும் போடுங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் சமையற்கட்டில் நின்றவர்களின் பெயர்கள் வரட்டும். வாழ்த்துரைகள் பின்னால் வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேத்திக்குப் பாட்டு முழுவதையும் இப்போது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தெப்பம் வரைக்கும் வந்திருக்கிறாள்.