மேல்காற்றும் உயரப் பந்தும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கியதும், குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டதென்று ஊர் ஊராக ஜனங்கள் புறப்பட்டு வருவார்கள். அதே காற்றுதான் தென்காசி, இலஞ்சி, மேலகரம் வட்டாரத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் வாலிபர்களுக்கு வருஷாந்தரப் பரீட்சையாகவும் அமைகிறது. இந்தச் சீசனில் அவர்களுடைய ஆட்டங்களைப் பார்த்தவரையில், மட்டை பிடிப்பதிலும் பந்து வீசுவதிலும் தகப்பன்மார் தலைமுறையை விஞ்சிவிட்ட இவர்கள், உயரக் கிளம்பிய பந்தைப் பிடிப்பதில் மட்டும் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். லாபம், நஷ்டம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது வீட்டுக் கூடத்திலும் சட்டைப் பையிலும் இருக்கிறது.

முதலில் டெலிவிஷன். 2001-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் பந்தயத்தின் ஒளிபரப்பில் பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் ஹாக்-ஐ சாதனம் அறிமுகமாகி, 2008-இல் இந்தியா இலங்கையில் ஆடிய தொடரில் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டி.ஆர்.எஸ். முறையும் பரீட்சார்த்தமாகப் புகுந்த பிறகு, அதுவரை நடுவரின் மனத்துக்குள்ளேயே நடந்துவந்த எல்.பி.டபிள்யூ. விசாரணை சர்வஜன சொத்தாகிவிட்டது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா இல்லையா என்பதை, நடுவர் விரலைத் தூக்குமுன் டீக்கடையில் நிற்கும் பையன் தீர்ப்பளித்து விடுகிறான். குற்றாலத்தில் வாசம் செய்த ரசிகமணி டி.கே.சி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் நயத்தைக் கேட்பவர் நெஞ்சில் பதிப்பார் என்பார்கள். அதேபோல, மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சியில் மணிக்கட்டின் திருப்பத்தையும் விரல்களின் பிடியையும் பார்த்துப் பார்த்தே, நம் வாலிபர்கள் வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தை வீசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே டெலிவிஷன், பந்து ஆகாயத்தில் எழும்பிய கணமே கேமராவை அதன் பின்னால் அனுப்பி, அது இறங்கும் இடத்தையும் அங்கே கையேந்தி நிற்கும் பீல்டரையும் சேர்த்தே காட்டிவிடுவதால், எங்கே விழும் என்று கணிக்கும் சிரமம் பார்ப்பவனுக்கு இல்லாமலே போகிறது. கேட்சின் ஜீவன் பீல்டர் எடுத்து வைக்கும் முதல் இரண்டு அடிகளில் இருக்கிறது. அந்த இரண்டு அடிகளைத்தான் நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

வீடியோ கேமின் கதையும் இதுவே. 2006-இன் இறுதியில் வெளிவந்த ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07-ஐ நான் பெரிதும் மதிக்கிறேன். பீல்டிங் வியூகம் வகுப்பது, பந்து வீச்சாளரை மாற்றும் சமயம் அறிவது, எட்ட வேண்டிய ரன்னை ஓவர்களுக்குப் பங்கிடுவது ஆகியவற்றில் அதற்கு இணையான உபாத்தியாயர் கிடைப்பது துர்லபம். ஆனால் அதில் பீல்டர் தானாகவே பந்துக்கு அடியில் போய் நிற்கிறான்; நான் ஆடிப் பார்த்த எந்த கேமிலும் மேல்காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போனதில்லை.

தள்ளுவதும் கொஞ்ச நஞ்சமல்ல. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்க, பருமனில் அதைவிடச் சற்றே சிறியதான டென்னிஸ் பந்து 60 கிராமைக்கூட எட்டாது. ஆகவே காற்று அதை இஷ்டம்போல ஆட்டிவைக்கிறது. சமீபத்திய ஆட்டமொன்றில், காற்றை முதுகில் வாங்கும் மேற்கு முனையிலிருந்து மெதுவான பந்து வீச்சாளரை இறக்கி, அடிப்பவன் காற்றுக்கு எதிராகவே தூக்க நேரும்படி செய்தார் ஒரு கேப்டன். அற்புதமான யுக்தி! எதிர்பார்த்தபடியே பந்து லாங் ஆன் பக்கம் எழும்பியது. மட்டையின் சப்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எல்லைக் கோட்டை நோக்கிப் பின்னுக்கு நாலடி ஓடினான் அங்கே நின்ற பையன். பந்தோ ஏறி, தயங்கி, காற்றால் திருப்பப்பட்டு, அவனுக்குப் பத்தடி முன்னால் புல்லில் விழுந்தது. கேம் கற்றுக்கொடுத்த மூளை ஜெயித்தது. கேம் கற்றுக்கொடுக்காத கால் தோற்றது.

டென்னிஸ் பந்து ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர், சின்னப்பம்பட்டிப் பந்து வீச்சாளர் நடராஜன் அதிலிருந்து கிளம்பி 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உயரப் பந்தைத் தவறவிடும் குறைக்குப் பரிகாரமும் ஒரு கருவியிடமே இருக்கிறது. தாங்கள் அடித்த சிக்ஸரைப் படம் பிடிக்கவே இன்று செல்போனை உபயோகிக்கிறார்கள். அதைப் பந்தைத் துரத்தவிடாமல், எல்லைக் கோட்டு பீல்டர் முழுவதும் தெரியும்படி ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, பந்து கிளம்பியதும் அவன் கால் முதலில் எந்தத் திசையில் போகிறது என்பதை மாலையில் எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஆடி மாதம் முடிவதற்குள், காற்று உச்சத்தில் இருக்கும் பிற்பகல்களில் தினமும் உயரப் பந்து பழகும் அணியே இவ்வட்டாரத்தில் கோப்பையை வெல்லும் என்பது என் கணிப்பு. கருவிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னாலோ, மூன்றிலும் விலை உசத்தியான டெலிவிஷனுக்கு அல்ல, ஒழுங்காக நிறுத்திவைத்த செல்போனுக்கே முதலிடம் தருவேன்.