பச்சைத் தண்ணீர் கேட்கும் மெஷின்

ஏப்ரல் மாதம், பிற்பகல் ஒன்றரை மணி. பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அடுக்குமாடி வீடு. குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டுகிறது. கீசர் போடவில்லை, மொட்டை மாடியில் வெயில் காயும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியின் உபயம். அதே தண்ணீரை நம்பித்தான் பால்கனி மூலையில் ஒரு வாஷர்-டிரையர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் இன்னும் 10 நிமிடம் என்று காட்டுகிறது. முக்கால் மணி நேரமாக அதே பத்து நிமிடம்தான்.

போன ஐப்பசியில் வாங்கிய மெஷின். எட்டு கிலோ துவைக்கும், ஐந்து கிலோ காயவைக்கும், நிமிடத்துக்கு 1,400 சுற்று என்று கடைக்காரர் ஒப்பித்ததெல்லாம் சரிதான். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வகை மெஷின்கள் பலவற்றில் துணி காய்வதற்கும் தண்ணீர் வேண்டும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உள்ளே நடப்பது இதுதான்: சூடான காற்று டிரம்முக்குள் புகுந்து துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போகிறது. அங்கே சன்னமாக வழியும் பச்சைத் தண்ணீரில் பட்டு, ஈரம் நீராகி வடிகிறது. ஈரம் இழந்த காற்று மறுபடியும் ஹீட்டருக்குத் திரும்புகிறது. ஜில்லென்று மோர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, அதே சமாசாரம். சொம்பே சூடாக இருந்தால் எங்கிருந்து வியர்க்கும்?

ஐரோப்பியச் சோதனைக்கூடங்களில் குளிர்நீர் என்றால் 15 டிகிரி. லண்டன் ஈஸ்ட் ஹாமில், சமையலறை மேடைக்கடியில் இப்படியொரு மெஷினைச் செருகி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் அது குழாயிலேயே கிடைத்துவிடும். பொத்தேரியில் மார்கழி விடியற்காலைகூட அந்தக் குளிர்ச்சியைத் தராது. சித்திரை மத்தியானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், துவைப்பதற்கு அந்தச் சூடு வரம். கரண்ட் செலவில்லாமல் காலர் அழுக்கு போகிறது. காயவைக்கும்போதுதான் அதே சூடு காலை வாருகிறது.

காயவைக்கும் சுற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க, வீட்டுக்காரர் ஒருநாள் அவுட்லெட் பைப்பை வாளியில் விட்டார். மூன்று வாளி நிரம்பி நான்காவதிலும் பாதி ஏறியது. கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டும் குடியிருப்பில் இது சின்ன விஷயமில்லை. சோப்பு இல்லாத நீர் என்பதால் இப்போது அது வராந்தா கழுவப் போகிறது.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே சுமார் 0.63 யூனிட் வேண்டும். இது இயற்பியல், எந்த கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. நன்றாகப் பிழிந்த ஐந்து கிலோ பருத்தித் துணியில் இரண்டரை லிட்டர் வரை ஈரம் நிற்கும். அதற்கே ஒன்றரை யூனிட்டுக்கு மேல். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் மூன்று பக்கம் போய்விடும். தினமும் ஓட்டினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் அடுத்த ஸ்லாபுக்குத் தாவ வாய்ப்புண்டு.

எரிச்சல்கள் இன்னும் உண்டு. எட்டு கிலோ துவைத்தபின் மூன்று கிலோவை வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் ஐந்து மணி நேரம் கழித்தும் சொதசொதவென்று இருக்கும், மக்கல் வாடையோடு. பருத்தி வேட்டி முறுக்கிய கயிறு போல வெளியே வரும். விழுந்த மடிப்பு அயர்ன் பெட்டிக்கும் மசியாது. நடுவில் கரண்ட் போனால் கதவு திறக்காது. கதவு ரப்பரைப் பிரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஈரப் பஞ்சு, விரல் கனத்துக்கு. சர்வீஸுக்கு வந்த பையன் அதை வழித்து எடுத்துவிட்டு, "லோடைக் குறைச்சுப் போடுங்கக்கா" என்றார். லோடைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் எதற்கு எட்டுக் கிலோ மெஷின் என்று அந்த அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவ்வளவும் சொன்னபின் நவம்பரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு, நான்கு நாள் வெயில் எட்டிப் பார்க்காமல், மின்விசிறிக்கடியில் நாற்காலி முதுகெல்லாம் துணியாகக் கிடக்கும் வாரம். அப்போது இந்த மெஷினிலிருந்து வெதுவெதுப்பாக எடுத்த துண்டு, பள்ளிக்கூட சாக்ஸ், பனியன் எல்லாம் தனி சுகம். தொட்டித் தண்ணீரும் அந்நாட்களில் ஓரளவு குளிர்ந்திருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நான்கைந்து பேராக வாடகைக்கு இருக்கும் பொத்தேரி வீடுகளில், மொட்டை மாடிச் சாவி ஓனரிடம் இருக்கும். பால்கனியில் கொடி கட்டக்கூடாது என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த மெஷின் ஆடம்பரம் இல்லை.

இரண்டு வேலையையும் ஒரே டிரம்முக்குள் அடக்கும் ஆசை, அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த டியோமேட்டிக் காலத்திலேயே தொடங்கியது. குழாய்த் தண்ணீரை நம்பாமல், ஏசியைப் போல கேஸ் சுற்றும் காயிலில் ஈரத்தை வடிக்கும் ஹீட் பம்ப் வகை இப்போது வந்திருக்கிறது; ஜி.இ. 2023-ல் அமெரிக்காவில் அப்படி ஒன்றை இறக்கியது. நம் ஊர்த் தொட்டிக்கு அதுதான் தோது. விலைதான் இடிக்கிறது.

அதுவரை இந்த வீடு கண்டுபிடித்திருக்கும் வழி, விடியற்காலை நான்கு மணி. இரவெல்லாம் ஆறிய தொட்டி. முதல் ரயில்களின் சத்தத்தோடு மெஷின் ஓடத் தொடங்கினால், மத்தியான லோடைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிகிறது. அன்று அலாரம் அடித்தும் யாரும் எழவில்லை. அதனால்தான் அந்த ஒன்றரை மணிக் கூத்து. இடமில்லாமல் வெளியே எடுத்த மூன்று கிலோவை மாமியார் பதினொன்றரைக்கே மொட்டை மாடிக் கொடியில் போட்டிருந்தார். இரண்டு மணிக்குப் போய் எடுத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு பால்கனிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். திரையில் 10.