வால்போலிச்செல்லா: முதிரும் மென்சிவப்பு

வட இத்தாலியின் வெரோனா நகரை ஒட்டிய குன்றுகளில், பெரும்பகுதி கொர்வீனா திராட்சையோடு ரொண்டினெல்லாவையும் சேர்த்துச் செய்யப்படும் வால்போலிச்செல்லா, 1968-இல் தோற்றப்பெயர்க் காப்புப் பெற்ற மென்மையான சிவப்பு ஒயின் ஆகும். திராட்சைத் தோலிலிருந்து இறங்கி நாவைத் துவர்க்கச் செய்யும் டானின் இதில் குறைவாகவும் புளிப்பு சற்றுத் தூக்கலாகவும் இருப்பதால், இளமையில் இது புளிச்செர்ரியின் மணத்தோடு துள்ளி நிற்கிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல நிறமிகளும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறுகின்றன. கோப்பையை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பார்த்தால், மாணிக்கச் சிவப்பாக இருந்த விளிம்பு செங்கல் நிறத்தை நோக்கி நகர்ந்திருப்பது தெரியும். மணத்திலும் புதுப்பழம் பின்வாங்க, உலர்ந்த செர்ரியும் காய்ந்த இலையும் மெல்லிய மிளகு வாசமும் முன்னே வருகின்றன; அடர்ந்த ஒயின்களில் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும் இம்மணங்கள் இங்கே தனித்தனியாகப் பிரிந்து தெரிவதே இந்த ஒயினின் பேரழகு.

ஆயினும், அதே மண்ணில் உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யப்படும் அமரோனே 10 ஆண்டுகளுக்கு மேலும் தாங்குவதுபோல் இது தாங்குவதில்லை. எளிய புட்டிகளை 3 ஆண்டுகளுக்குள்ளும், தேர்ந்த மலைச்சரிவுத் தோட்டங்களின் புட்டிகளை இன்னும் சில ஆண்டுகள் வைத்தும் அருந்திவிடுவதே முறை.