எண்ணும் என்பும்: படிமப் பகுப்பாய்வு குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

முறிந்த என்பு பொருந்திவிட்டதா என்பதை ஊடுகதிர்ப் படங்கொண்டு தீர்மானிப்பதில் மருத்துவர்கள் தம்முள் வேறுபடுவதுண்டு. இவ்வேறுபாட்டைக் குறைக்கும் நோக்குடனேயே படிமப் பகுப்பாய்வு மென்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் உருவாகி, எவரும் விலையின்றிப் பெறக்கூடியதாயுள்ள இமேஜ் ஜே அவற்றுள் ஒன்று. எட்டு பிட் படமாயின், அதன் ஒவ்வொரு புள்ளியின் வெண்மையும் 0 முதல் 255 வரையான எண்ணாகிறது. முறிவிடத்திற் புதிய என்பு செறியச் செறிய அவ்வெண் உயர்கிறது.

எனினும், எண் கிடைத்ததும் புறவய உண்மை கிடைத்துவிட்டதெனக் கொள்ளலாகாது. கதிரின் வலுவும் அவயவம் வைக்கப்பட்ட கோணமும் மாறின் எண்ணும் மாறும். அலுமினியப் படியொன்றை உடன்வைத்துப் படமெடுத்தல் முதற் குறையையே ஓரளவு தீர்க்கும். அளக்கும் பரப்பை வரையறுப்பதும் பெரும்பாலும் மனிதக் கரமே. அவ்வுழைப்பை மறந்து எண்ணைத் தனித்த சக்தியாகக் காண்பது, மார்க்ஸ் பண்டத்திற் கண்ட மாயையை ஒத்ததாகும்.

மேலும், படம் காட்டுவது கனியுப்பின் செறிவையே. என்பின் தாங்குவலுவை அது நேரடியாகக் காட்டாது. மூட்டை சுமக்கும் தொழிலாளி முந்தித் திரும்பின் என்பு மீண்டும் முறியலாம். பிந்தின் கூலி இல்லை. ஆதலின் அவரது வலியும் ஊன்றி நடக்கும் ஆற்றலும் அவ்வெண்ணோடு சேர்த்தே மதிப்பிடப்படல் வேண்டும். கருவி மருத்துவரின் தீர்ப்புக்குத் துணையாகலாம்; தீர்ப்பாகிவிடலாகாது.