அழுகைக்கு ஒரு வட்டம்

கார்ட்டூன் படம் காட்டிப் பிள்ளைகளை உணர்ச்சிகளைப் பற்றிப் பேசப் பழக்கலாம் என்றால் முகஞ்சுளிக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். ரியூசனுக்கும் பரீட்சைக்கும் நடுவே பிள்ளையின் துயரத்துக்கு நேரம் ஏது என்பர்! 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைக் கண்ட குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர்க்கு நாடகம் எழுதிய யாழ்ப்பாணத்திலே இப்படியொரு தயக்கம்.

பிக்ஸார் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘இன்சைட் அவுட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பதினொரு வயதுச் சிறுமி றைலி, ஊரைவிட்டுப் பெருநகருக்குப் பெயர்கிறாள். அவள் தலைக்குள்ளே மகிழ்ச்சி, துயரம், அச்சம், கோபம், அருவருப்பு என ஐந்து பாத்திரங்கள். மகிழ்ச்சி, தரையிலே ஒரு வட்டம் வரைந்து, துயரத்தை அதற்குள்ளேயே நிற்கும்படி பணிக்கிறாள். தாயும் மகளைச் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்கிறாள். பின்னர் றைலியின் கற்பனைத் தோழன் பிங் பொங், தன் வண்டியை இழந்து கலங்கும்போது மகிழ்ச்சியின் வேடிக்கை ஒன்றும் பலிப்பதில்லை. துயரம் அருகே அமர்ந்து அவன் இழப்பைக் கேட்கிறாள், அவன் அழுகிறான், பிறகு எழுந்து நடக்கிறான். படத்தின் உயிர் இக்காட்சியே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது நாம் பிள்ளைகளிடம் என்ன சொன்னோம்? “அழாதே” என்றோம். நாமும் ஒரு வட்டந்தான் கீறினோம். அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர்.

எனினும் இப்படத்தோடு நமக்கொரு வழக்கு உண்டு. றைலியின் தந்தை தொழிலின் பொருட்டே குடும்பத்தைப் பெயர்க்கிறார். அத்தொழில் யாருடைய நலனுக்கு என்று படம் கேட்பதில்லை. துன்பமனைத்தும் தலைக்குள்ளேயே பிறந்து தலைக்குள்ளேயே தீர்கிறது. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இவ்வைந்தும் ஏறத்தாழ அடங்கும். ஆனால் அவர் ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடம் கூறுகிறார். அழுகையின் பிறப்பிடங்களுள் இகழப்படுதலும் இழப்பும் வறுமையும் உண்டு. வெகுளியினுடையவற்றுள் கொலை உண்டு. உணர்ச்சி உலகிலிருந்து வருவது என்பதைப் பழம்புலவர் அறிந்திருந்தார், பிக்ஸார் மறந்துவிட்டது!

மறவாதவர் யப்பானியர் இசாவோ தக்காஹாத்தா. 1988இல் வந்த அவரது ‘மின்மினிகளின் கல்லறை’யில், 1945இன் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பதுங்குகுழியிலே வாழ்ந்து பசியால் மடிகின்றனர். அங்கே துயரத்துக்குப் பொம்மையுரு இல்லை. வெறுமையாகும் இனிப்புத் தகரம் ஒன்றே போதுமாயிருக்கிறது. கலையென்ற அளவில் இதனையே உயர்ந்ததென்போம். ஆயினும் சிறு வகுப்புகளுக்கு இது ஆகாது. மேல்வகுப்பிலுங்கூட, வீட்டில் சாவு கண்ட பிள்ளை எவரென்று அறியாத ஆசிரியர் இதைத் தொடவேண்டாம்.

சிறுவர்க்கு முன்னையதே போதும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஒன்றரை மணி நேரப் படம் அடங்காது, அடக்கவும் வேண்டாம். பிங் பொங் அழும் சில நிமிடங்களை மட்டும் காட்டி நிறுத்தி, “அவன் எதை இழந்தான்?” என்று கேட்கலாம். அடுத்து, “நீ?” எஞ்சிய நேரம் பிள்ளைகளுடையது.