அணியா, திரையா?

நடுநிலைப் பள்ளியிலே நம் சிறுவர்க்கு அணி இலக்கணம் புகட்டுகிறார்கள். மதிமுகம் என்றால் உவமை. முகமதி என்றால் உருவகம். மனப்பாடம் முடிந்தது, மதிப்பெண்ணும் வந்தது. மாணவன் கற்றது என்ன?

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கே உவமைக்கு அடிப்படை என்றது தொல்காப்பியம். செயலைப் பார், பயனைப் பார், வடிவைப் பார், நிறத்தைப் பார் என்பதே அதன் பாடம். கல்வராயன் மலையிலே மரவள்ளிக் கொல்லையைக் கடந்து பள்ளிக்கு வரும் சிறுமிக்குக் கிழங்கும் கோமுகி ஆறும் உவமையாகக் கூடாதோ? அவளுக்கும் திங்களும் தாமரையும்தானா?

வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவிய தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என விரித்தது. அவற்றுள் ஒன்று தற்குறிப்பேற்றம்: இயல்பாய் நிகழ்வதன்மீது புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. ஏற்றியது தன் குறிப்பே என்று பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை அதற்குண்டு!

நாட்டார் பேச்சிலே அந்த நேர்மை எங்கே? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இத்தகைய சாவுகளை 'விதி விளையாடிவிட்டது' என்று சொல்லியே பழகிவிட்டோம். விதிக்குக் கையேது, காலேது? நஞ்சைக் கலந்தவை மனிதக் கைகள்! விதியை ஆளாக்கும் உருவகம், உண்மையான ஆளை மறைத்துவிடுகிறது.

ஆசிரியத் தோழர்களே! அணியின் பெயரைக் கேட்டதும், "இது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?" என்றும் கேளுங்கள். அக்கேள்வி கற்ற பிள்ளை கவிதையைச் சுவைக்கும், கட்டுக்கதைக்கு ஏமாறாது.