ஐந்தாம் படி

2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூடிய மேடையில், கமலா ஹாரிஸ் இந்திய வம்சாவளியை மட்டுமே சொல்லிவந்தவர், சில ஆண்டுகளுக்கு முன்புதான் கறுப்பராக மாறினார் என்றார் டொனால்டு டிரம்ப். கறுப்பினத்தவருக்கென உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே படித்தவர் ஹாரிஸ். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற தாய் ஷ்யாமளா கோபாலன், அந்த நாடு தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்று உணர்ந்து அதற்கேற்ப வளர்த்ததை 2019இல் வந்த தன்வரலாற்றில் ஹாரிஸ் பதிவு செய்திருக்கிறார். எனவே தகவல் அளவில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் அதற்கு அடியில் கிடக்கும் நம்பிக்கைதான் கவலைக்குரியது: உண்மையான அடையாளம் ஒன்றுதான், அது அசையாது, இடத்துக்கு ஏற்ப மாறினால் ஏதோ கோளாறு. கலப்பினப் பிள்ளைகளுக்கு உதவவென்றே எழுந்த உளவியல் கோட்பாடு ஒன்றும் இதே நம்பிக்கையைக் கனிவான குரலில் சொல்லிவந்திருக்கிறது.

1990இல் வாக்கர் போஸ்டன் முன்வைத்த அந்தக் கோட்பாட்டின் ஐந்து படிநிலைகளைச் சொல்கிறேன். சிறு குழந்தைக்குத் தான் என்ற உணர்வு மட்டுமே உண்டு. வளரும்போது ஏதேனும் ஓர் இனக்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி வருகிறது. தேர்ந்தபின், விட்டுவிட்ட பெற்றோர் பக்கத்தை எண்ணிக் குற்றவுணர்வும் குழப்பமும். பிறகு அந்தப் பக்கத்தையும் அறிந்து மதிக்கத் தொடங்குதல். ஐந்தாவதாக, இரண்டையும் இணைத்த முழுமை. இதன் பெருமையை உணர, முன்பு இருந்ததைப் பார்க்க வேண்டும். 1937இல் எவரெட் ஸ்டோன்குவிஸ்ட் எழுதிய விளிம்பு மனிதனைப் பற்றிய நூல், இரு உலகங்களுக்கு இடையே நிற்பவனை அலைக்கழிப்புக்கு ஆளானவனாகச் சித்திரித்தது. கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1967 வரை அமெரிக்காவின் 16 மாநிலங்களில் உயிரோடு இருந்தன. அந்த ஆண்டு லவ்விங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதாக்கியது. அந்தப் பின்னணியில், உன் குழப்பம் நோயல்ல, அது கடந்துபோகும் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னது சிறிய உதவியல்ல. பெற்றோர் இருவரும் தனித்தனி இனத்தவராக இருக்கும்போது பிள்ளை நடக்கும் வழியை அவர்கள் நடந்ததில்லை. அவர்களுக்கும் இந்தக் கோட்பாடு பேசுவதற்கு ஒரு மொழி தந்தது. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

குறை அதன் ஏணி வடிவத்தில் இருக்கிறது. ஏணி என்றால் உச்சிப்படி ஒன்று உண்டு; அங்கே ஏறாதவர் பாதியில் நிற்பவர். தன்னைக் கறுப்பினப் பெண்ணாக மட்டுமே உணர்ந்து நிறைவாக வாழும் ஒருத்தி, இந்தக் கணக்கில் தேறாதவள் ஆகிவிடுகிறாள். இந்த ஏணி பெரிய கள ஆய்வின் மேல் சாத்தப்பட்டதும் அல்ல. அன்று கிடைத்த சொற்ப ஆய்வுகளிலிருந்தும் ஆதரவுக் குழுக்களில் கேட்டவற்றிலிருந்தும் உருவானது. உதவி தேடி வருபவர் வலியோடுதான் வருவார். வலியில்லாதவர் அந்தக் கதவைத் தட்டவே மாட்டார். மார்கரெட் ஷீயும் டயானா சான்செஸும் 2005இல் கலப்பினத்தவர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உளப் பாதிப்பு பெரிதும் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில்தான் தென்பட்டது. வியப்பு என்னவென்றால், போஸ்டன் எழுதிய அதே 1990இல் மரியா ரூட் வேறொரு வரைபடம் தந்திருந்தார்: சமூகம் தரும் பெயரை ஏற்பது, இரு குழுக்களையும் ஏற்பது, ஒன்றைத் தேர்வது, கலப்பினத்தவர் என்ற புதுக்குழுவாகத் தன்னைக் காண்பது. நான்கும் நலமான தீர்வுகளாக இருக்கலாம். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கப்படவில்லை.

சான்றுகள் ரூட்டின் பக்கமே சாய்கின்றன. அமெரிக்க வளரிளம் பருவத்தினரைப் பற்றிய தேசிய ஆய்வுத் தரவை 2002இல் அலசிய டேவிட் ஹாரிஸும் ஜெரமையா சிம்மும், ஏறத்தாழ ஒரே மாதிரியான இனக் கேள்விகளுக்குச் சுமார் 12% பேர் முரண்பட்ட விடைகள் தந்ததைக் கண்டனர். பள்ளியில் எழுதியது ஒன்று, வீட்டில் சொன்னது வேறு. ஏணிக் கணக்கில் இது முதிராமை. ஆனால் கேட்பவர் யார், பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசுவது மனிதர் எல்லோரும் செய்வதுதானே! கேள்வியின் அமைப்பே விடையை மாற்றிவிடுகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சமாக இருந்த கலப்பின அமெரிக்கர் 2020இல் 3.38 கோடி ஆனார்கள். பத்து ஆண்டில் அத்தனை பேர் பிறந்துவிடவில்லை; கேள்வியும் விடைகளைப் பதியும் முறையும் மாறியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

ரூட்டின் பார்வையை மறுப்பவர்கள் வலுவாகவே மறுக்கலாம். எந்த முடிவும் சரியென்றால், தாயின் நிறத்துக்கு வெட்கப்பட்டு அவளை மறைக்கும் பிள்ளையை என்ன செய்வது? அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும், ஐயமில்லை. ஆனால் உதவி தேவைப்படுவது ஒற்றை அடையாளத்தைத் தேர்ந்ததற்காக அல்ல, வெட்கத்துக்காக. ஒரே விடையை ஒருவர் அன்பால் சொல்லலாம், இன்னொருவர் அச்சத்தால் சொல்லலாம். படிநிலை இருவரையும் ஒரே படியில் நிறுத்துகிறது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தேர்வு என்ற பேச்சே பொய், ஒரு சொட்டுக் கறுப்பின இரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்று நூறாண்டுக்கு மேல் தீர்மானித்த நாட்டில் முகமே முடிவு செய்துவிடும் என்பது. இதை நான் ஏற்கிறேன். ஏற்பதால்தான் ஏணியை நம்ப முடியவில்லை. வெளியிலிருந்து சுமத்தப்படுவதை அது பிள்ளையின் உள்வளர்ச்சியாகக் கணக்கு வைத்து, சமூகம் செய்யவேண்டிய வேலையைப் பதின்பருவத்துத் தோள்களில் ஏற்றுகிறது. சாரா டவுன்செண்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், படிவத்தில் ஒரே இனத்தைக் குறிக்க வேண்டியிருந்த கலப்பின மாணவர்களிடம், பலவற்றைக் குறிக்க முடிந்தவர்களைவிடத் தன்மதிப்பும் ஊக்கமும் குறைந்திருந்தன. அங்கே திருத்த வேண்டியிருந்தது படிவத்தை.